மூட்டைக் கணக்கில் கோழி எரு

விழுப்புரம் மாவட்டத்து நெல் வயல்கள் பல தலைமுறைகளாகச் சத்தைப் பெற்றுவந்த வழிகள் சிலவே: மாட்டுத் தொழுவத்துக் குப்பையை வண்டியில் ஏற்றிக் கொட்டுவது, அறுவடை முடிந்த கோடையில் ஆட்டுக்கிடை போடுவது, ஏரி வற்றியபின் வண்டல் அடிப்பது, தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ விதைத்து மடக்கி உழுவது. உழவு மாடுகளின் இடத்தை டிராக்டர் எடுத்துக்கொண்டு, தொழுவங்களில் கறவை மாடுகள் ஒன்றிரண்டு மட்டும் எஞ்சிய பிறகு, இவ்வழிகளில் முதலாவது மிகவும் சுருங்கிப்போனது. அந்த இடத்திற்குத்தான் கோழி எரு வந்து சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் கோழியினங்கள் 85 கோடியைத் தாண்டின. அவற்றுள் ஏறத்தாழ 12 கோடியைக் கொண்டு தமிழ்நாடு முதலிடத்தில் நின்றது. ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு 100 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக எச்சமிடுகிறது என்பதைக் கொண்டு பார்த்தால், ஒரு லட்சம் கோழிகள் உள்ள பண்ணையிலிருந்து அன்றாடம் 10 டன் ஈர எச்சம் வெளியேறியாக வேண்டும். நாமக்கல்லிலிருந்து அது லாரி லாரியாகப் பல மாவட்டங்களுக்குப் போகிறது. திண்டிவனம், செஞ்சி, விக்கிரவாண்டிப் பக்கங்களில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கும் கொட்டகைகள் உள்ள ஊர்களிலோ, ஒவ்வொரு பேட்ச் கோழியும் ஏற்றப்பட்ட பிறகு, தரையில் பரப்பிய கூளம் எச்சத்தோடு சேர்ந்து அள்ளப்பட்டு அருகிலுள்ள நிலங்களுக்கே வந்துவிடுகிறது.

இவ்வாறு வரும் பொருளைப் பெரும்பாலான உழவர்கள் மாட்டுக் குப்பையின் அளவிலேயே, அதாவது காணிக்கு இத்தனை லோடு என்ற கணக்கிலேயே இறைக்கிறார்கள். மாட்டுக் குப்பைக்கு அந்தக் கணக்குப் பொருந்தும். ஒரு லோடு கூடினாலும் குறைந்தாலும் பயிர் பெரிதாகக் காட்டிக்கொள்வதில்லை. கோழி எருவுக்கு அது பொருந்துவதில்லை. இதன் வேதியியலை அறிந்தால், இது தொழுவுரத்தின் இனத்தைவிட உரக்கடையில் மூட்டையாக விற்கும் டி.ஏ.பி.யின் இனத்திற்கே நெருக்கமானது என்பதும், அப்படியே எடைபோட்டு இடவேண்டியது என்பதும் விளங்கும்.

கோழிக்குத் தனியே சிறுநீர் கிடையாது. பாலூட்டிகள் தம் உடலில் மிஞ்சும் நைட்ரஜனை, அதாவது வேளாண்மையில் தழைச்சத்து எனப்படும் தனிமத்தை, யூரியாவாக மாற்றி நீரில் கரைத்து வெளியேற்றுகின்றன. அதில் பெரும்பகுதி தொழுவத்துத் தரையிலேயே ஊறிப்போவதால் சாணத்தில் தழைச்சத்துக் குறைவாகவே தங்குகிறது. பறவைகளோ அதை யூரிக் அமிலமாக மாற்றுகின்றன. மூடிய முட்டைக்குள் வளரும் கருவுக்குக் கழிவை வெளியே தள்ள வழியில்லை. நீரில் எளிதில் கரையாத, நஞ்சாகாத வடிவத்தில் அதை ஒரு மூலையில் ஒதுக்கிவைத்தால்தான் கரு பிழைக்கும் என்பதால் பறவையினத்திற்கு இந்த வழி வாய்த்தது. கோழி எச்சத்தின் மேல் சுண்ணாம்பு தடவியது போல் தெரியும் வெள்ளைப் பகுதி இந்த அமிலமே. தூய யூரிக் அமிலத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜன். புதிய எச்சத்திலுள்ள மொத்த நைட்ரஜனில் பாதிக்கு மேல், பெரும்பாலும் 60 முதல் 70 சதவீதம் வரை, இந்த வடிவத்திலேயே இருக்கிறது.

உலக வேளாண்மை இதன் ஆற்றலை ஏற்கெனவே ஒருமுறை பெரிய அளவில் கண்டிருக்கிறது. பெரு நாட்டின் கரையோரச் சிஞ்சா தீவுகளில் கடற்பறவைகளின் எச்சம் நூற்றாண்டுகளாகக் குவிந்து பாறைபோல் இறுகியிருந்தது; குவானோ எனப்பட்ட அந்த எச்சம் 1840-களிலிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றது. 1856-இல் அமெரிக்கா, உரிமையாளர் இல்லாத குவானோத் தீவுகளைத் தன் குடிமக்கள் கைப்பற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சட்டமே இயற்றியது. உலகில் பறவைகள் கூடும் தீவுகள் எத்தனையோ இருக்க, பெருவின் எச்சம் மட்டும் இவ்வளவு வீரியத்தோடு நின்றதற்குக் காரணம் அங்கே மழை இல்லாததுதான். யூரிக் அமிலம் உலர்ந்திருக்கும் வரை மாறாமல் கிடக்கும்; ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கிவிடும். பெருவின் கரைக்கும் தொண்டை மண்டலக் கரைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. திண்டிவனத்தில் வயலோரம் குவித்த கோழி எருவில் அந்த மாற்றம் சில நாட்களிலேயே நடந்து முடிகிறது.

அம்மாற்றத்தின் படிகளை அறிவது பயனுள்ளது. நுண்ணுயிர்களின் நொதிகள் யூரிக் அமிலத்தை அல்லன்டாயின் என்ற இடைப்பொருள் வழியாக யூரியாவாக உடைக்கின்றன. யூரியாவை யூரியேஸ் என்ற நொதி அம்மோனியமாக மாற்றுகிறது. இம்மாற்றத்தின் விளைவாகக் குவியலின் காரத்தன்மை ஏறுகிறது. காரத்தன்மை ஏறியதும் அம்மோனியம் அம்மோனியா என்ற வளியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. கொட்டகைக்குள் நுழைந்தவுடன் கண்ணைக் கரிக்கும் நெடி அதுவே. வெப்பம் கூடக்கூட இந்த இழப்பும் கூடும் என்பதால், சித்திரை வெயிலில் திறந்து கிடக்கும் ஈரக் குவியல்தான் எல்லாவற்றிலும் மோசமான சேமிப்பு. திறந்து கிடக்கும் கோழி எரு 30 நாட்களுக்குள் தன் தழைச்சத்தில் பாதியை இழந்துவிடும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எச்சரிக்கிறது. நெடி அடங்கிய எருவை ‘நன்றாக ஆறிவிட்டது’ என்று பாராட்டி வாங்கும் வழக்கம் எங்கும் உண்டு. அந்த நெடியோடு போனது எது என்பதை விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

இனி, எஞ்சும் சத்தின் அளவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சராசரிக் கணக்குப்படி, கோழி எருவில் தழைச்சத்து 3.03 சதவீதமும், மணிச்சத்து 2.63 சதவீதமும், சாம்பல்சத்து 1.4 சதவீதமும் உள்ளன. நன்கு மட்கிய தொழுவுரத்தில் இவை முறையே 0.5, 0.2, 0.5 சதவீதம் மட்டுமே. மணிச்சத்து என்பது பாஸ்பரஸையும், சாம்பல்சத்து என்பது பொட்டாசியத்தையும் குறிக்கும். உர மூட்டைகளில் அச்சிடும் வழக்கப்படி இரண்டும் அவற்றின் ஆக்சைடுகளாகவே இங்குக் கணக்கிடப்பட்டுள்ளன. தழைச்சத்தில் கோழி எரு தொழுவுரத்தைப்போல் ஆறு மடங்கு, சாம்பல்சத்தில் மூன்று மடங்கு. மணிச்சத்திலோ பதின்மூன்று மடங்கு. இந்தக் கடைசி எண்தான் கவனிக்கத்தக்கது, ஆனால் வயலில் கண்ணுக்குத் தெரிவது முதல் எண் மட்டுமே. எரு போட்ட பத்துப் பதினைந்து நாளில் பயிர் கரும்பச்சையாகத் திரும்புவது தழைச்சத்தின் வேலை, மணிச்சத்தோ எந்த நிறத்தையும் காட்டாமல் மண்ணில் தங்கிவிடுகிறது.

கோழியின் எச்சத்தில் மணிச்சத்து இவ்வளவு தேங்குவதற்கும் ஒரு காரணம் உண்டு. கோழித் தீவனத்தின் முதன்மைப் பொருள்களான மக்காச்சோளத்திலும் சோயாப் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டிக் அமிலம் என்ற சேர்மத்திற்குள் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் பைட்டேஸ் நொதி கோழியின் குடலில் போதிய அளவு இல்லாததால், தின்ற பாஸ்பரஸின் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடுகிறது. எலும்பும் முட்டையும் அதனால் நலியாதிருக்க, தீவன ஆலைகள் பாறைப் பாஸ்பேட்டிலிருந்து பெறும் டைகால்சியம் பாஸ்பேட்டைக் கூடுதலாகச் சேர்க்கின்றன. அதிலும் ஒரு பங்கு எச்சத்தில் வந்து விழுகிறது. நொதியையே தீவனத்தில் கலக்கும் முறை பரவிய பிறகு நிலைமை ஓரளவு மாறியிருந்தாலும், மணிச்சத்தின் மிகுதி நீங்கிவிடவில்லை. பெரம்பலூர் மக்காச்சோளத்தின் பாஸ்பரஸும், மத்தியப் பிரதேசத்துச் சோயாவின் பாஸ்பரஸும், எங்கோ வெளிநாட்டுச் சுரங்கத்தில் வெட்டிய பாறையின் பாஸ்பரஸும் ஒரு கொட்டகையில் கூடி, கடைசியில் செஞ்சிப் பக்கத்து நெல் வயல் ஒன்றில் இறங்குகின்றன. இந்தியா தன் பாஸ்பேட் உரத்தேவைக்குப் பெருமளவு இறக்குமதியையே நம்பியிருக்கும் நிலையில், இதைக் கழிவு என்று சொல்வது பொருந்தாது.

காணி என்பது இவ்வட்டாரத்தில் இன்றும் வழங்கும் நில அளவு. ஏறத்தாழ 132 சென்ட், அதாவது அரை எக்டேருக்குச் சற்று மேல். டெல்டாவும் கோயம்புத்தூர் வட்டாரமும் அல்லாத பிற பகுதிகளில் குறுகிய கால நெல்லுக்கு எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 120, 40, 40 கிலோ என்பது பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. காணிக்கு இது 64, 21, 21 கிலோ ஆகும். சொர்ணவாரிப் பருவ நெல்லுக்கு ஒரு காணியில், டிராக்டர் டிப்பருக்கு 2 டன் வீதம், இரண்டு லோடு கோழி எரு அடிப்பதாகக் கொள்வோம். அதில் 120 கிலோ தழைச்சத்தும் 105 கிலோ மணிச்சத்தும் இறங்கிவிடுகின்றன. தழைச்சத்து தேவையைப்போல் இரு மடங்கு என்றாலும், அது அங்ககப் பொருளிலிருந்து மெல்ல விடுபடுவதாலும், முதல் போகத்தில் பாதியளவே பயிருக்குக் கிடைப்பதாலும், ஒருவாறு சரிப்பட்டுவிடும். மணிச்சத்தோ தேவையின் ஐந்து மடங்கு. இதற்கு மேலும், ‘அடியுரம் போடாவிட்டால் எப்படி’ என்று வழக்கம்போல் டி.ஏ.பி. மூட்டை ஒன்றும் பிரிக்கப்படுமானால், அந்த மூட்டைக்குக் கொடுத்த பணம் முழுதும் வீண்.

கணக்கை மணிச்சத்திலிருந்து தொடங்கினால் எல்லாம் வேறு விதமாக அமையும். ஒரு காணிக்கு வேண்டிய 21 கிலோ மணிச்சத்தை 800 கிலோ கோழி எரு தந்துவிடுகிறது. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்றில் உள்ளது 23 கிலோ. எனவே 800 கிலோ எரு ஏறத்தாழ ஒரு டி.ஏ.பி. மூட்டைக்குச் சமம் என்று மனத்தில் கொள்ளலாம். அதே 800 கிலோவில் 24 கிலோ தழைச்சத்து இருக்கும். முதல் போகத்தில் அதில் 12 கிலோ கிடைக்கும் என்று கொண்டால், எஞ்சிய 52 கிலோவுக்கு 45 கிலோ யூரியா மூட்டை இரண்டரை தேவைப்படும். சாம்பல்சத்தில் பாதி எருவிலேயே வந்துவிடுவதால், மீதிக்கு 17 கிலோ பொட்டாஷ் போதும். யூரியாவை அடியோடு நிறுத்திவிடக் கோழி எருவை நாடுவோருக்கு இக்கணக்கு ஏமாற்றம் தரலாம். ஆனால் தழைச்சத்து முழுவதையும் கோழி எருவிலிருந்தே பெறுவதென்று முடிவு செய்வது, தேவையற்ற மணிச்சத்தை ஆண்டுதோறும் மண்ணில் புதைப்பதென்று முடிவு செய்வதும் ஆகும். ஒரு பறவைக்கு ஒரு பேட்சில் சுமார் 1 முதல் 1.5 கிலோ வரை கூளக் கழிவு சேரும் என்ற பொதுவான அளவின்படி, 5,000 கறிக்கோழிகள் உள்ள ஒரு சிறு கொட்டகையின் ஒரு பேட்ச் எரு ஆறு முதல் ஒன்பது காணிக்கு எட்டும். இப்போது அது பெரும்பாலும் ஒன்றிரண்டு காணிகளில் முடிந்துவிடுகிறது.

இங்கே ஒரு மறுப்பும் எழலாம். காணிக்கு 800 கிலோ என்பது மண்ணின் அங்ககப் பொருளுக்கு எவ்வளவு உதவும் என்று கேட்டால், மிகக் குறைவாகவே உதவும் என்பதுதான் விடை. எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் என்ற பரிந்துரை சத்துக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. விழுப்புரம் மாவட்டத்துச் செம்மண் சரளையும் மணற்பாங்கான செம்மண்ணும் ஈரத்தைப் பிடித்துவைக்க வேண்டுமானால் அவற்றுக்கு மட்கு வேண்டும். கோழி எரு விரைவில் சிதைந்துவிடுவதால் நிலைத்த மட்கை அதிகம் விட்டுச்செல்வதில்லை. ஆகவே பசுந்தாள் உரத்தையும், கிடைக்கும் அளவு தொழுவுரத்தையும், ஏரி வண்டலையும் கோழி எரு விலக்கிவிட முடியாது. கோழியின் இரைப்பை விதைகளை அரைத்துவிடுவதால் மாட்டுக் குப்பையைப்போல் இது களைவிதைகளைப் பரப்புவதில்லை என்ற ஒரு நன்மையையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும்.

நெல் வயலின் தனித்தன்மை நீர் நிற்பது. சேடை ஓட்டி நீர் கட்டிய மண்ணில் சில நாட்களில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அந்நிலையில் அம்மோனியம் அம்மோனியமாகவே நின்று களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு பயிருக்குக் கிடைக்கிறது. ஆனால் எருவைப் புழுதியில் இறைத்துவிட்டு மூன்று நான்கு வாரம் கழித்து நீர் கட்டினால் கதை வேறு: இடைப்பட்ட காலத்தில் காற்றோட்டமுள்ள மண்ணில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறிவிடும்; பின்னர் நீர் கட்டியதும் ஆக்சிஜனுக்கு ஏங்கும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு நைட்ரஜனை வெறும் வளியாக வானத்துக்கு அனுப்பிவிடும். ஆதலால் மட்கிய கோழி எருவைக் கடைசிச் சேடையில் இட்டு அன்றே சேற்றில் மடக்குவதே முறை. மட்காத எருவையே இடவேண்டியிருந்தால், நடவுக்கு இரண்டு வாரம் முன்னதாகச் சேற்றில் அமுக்கி நீரை வடியவிடாமல் வைத்திருக்க வேண்டும்; சிதையும்போது உண்டாகும் அங்கக அமிலங்களும் மிகுதியான அம்மோனியாவும் இளநாற்றின் வேரைக் கெடுக்காதிருக்க அந்த இடைவெளி தேவை. நாற்றங்காலுக்குப் பச்சை எரு ஆகவே ஆகாது. மட்காத அங்ககப் பொருள் நீர் நிற்கும் வயலில் மீத்தேன் வளியைப் பெருக்கும் என்பதும் மட்கிய எருவின் பக்கமே நியாயத்தைச் சேர்க்கிறது.

நீர் கட்டுவதன் மற்றொரு விளைவு மணிச்சத்தைப் பற்றியது. உலர்ந்த செம்மண்ணில் இரும்போடு பிணைந்து கரையாமல் கிடக்கும் பாஸ்பேட், நீர் நின்று இரும்பு ஒடுக்கமடையும்போது, அதாவது ஃபெரிக் நிலையிலிருந்து ஃபெரஸ் நிலைக்கு இறங்கும்போது, தளர்ந்து வெளிவருகிறது. புதிதாக இடும் மணிச்சத்தை நெல் அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம். நெல்லுக்குப் பின் அதே மண்ணில் புன்செய்யாக விதைக்கும் உளுந்தும் மணிலா எனப்படும் நிலக்கடலையுமே அதை அதிகம் வேண்டுகின்றன. எனவே நெல்லுக்கு இட்ட கோழி எருவின் எச்சப் பயன் அடுத்த பயிரில் தெரியும். அடுத்த பயிருக்கும் தனியே மணிச்சத்து மூட்டை வாங்குவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அளவு மீறினால் நெல் தரும் தண்டனை உடனடியானது. தழைச்சத்து மிகுந்த வயலில் தூர்கள் பெருகி, தண்டு நெகிழ்ந்து, காற்றோட்டம் குறைந்து, புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் குடியேறுகின்றன. கோழி எருவின் தழைச்சத்துப் பிற்காலத்திலும் தொடர்ந்து விடுபடுவதால், கதிர் முற்றும் பருவத்தில் பயிர் பழுக்காமல் பச்சையாகவே நிற்பதும், வடகிழக்குப் பருவமழையின் ஒரே காற்றில் சாய்ந்துவிடுவதும் நேரும். மாசூரி ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு 1986-இல் வெளியான வெள்ளைப் பொன்னி இதில் மிகவும் எச்சரிக்கைக்குரியது. உயரமான, எளிதில் சாயும் ரகம் அது. மேலுரத்தை நாள் பார்த்து இடாமல் இலை வண்ண அட்டையைக் கொண்டு தீர்மானிப்பது கோழி எரு இட்ட வயலில் இன்றியமையாதது. மற்ற ரகங்களுக்கு அட்டையின் 4-ஆம் நிறத்துக்குக் கீழே இலை வெளிறினால் யூரியா இடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் நிறம் வரை பொறுக்கலாம். எருவிலிருந்து எவ்வளவு விடுபட்டது என்பதை முன்கூட்டிக் கணித்துச் சொல்வதைவிட, இலையிடமே கேட்டுக்கொள்வது நம்பகமானது.

மானாவாரிக் கம்பும் கேழ்வரகும் வேறு பாடம் சொல்கின்றன. திண்டிவனம், மரக்காணம் பகுதிகளின் புன்செய்க் கம்புக்கு நீர் கட்டும் பாதுகாப்பு இல்லை. எருவில் உள்ள உப்பும் அம்மோனியாவும் ஈரம் குறைந்த மண்ணில் விதையருகே செறிந்துவிட்டால் முளைப்பு கருகிப்போகும். தீவனத்தில் சேர்க்கும் உப்பின் எச்சம் எருவில் இருப்பதால், ஏற்கெனவே உவர்ப்பேறிய கடலோர மண்ணில் இது இருமடங்கு கவலை. ஆடிப்பட்டத்துக்குப் போதிய அளவு முன்னதாக, ஒரு மழையாவது பெய்து உப்பைக் கீழிறக்கும்படி, மட்கிய எருவை உழவோடு கலப்பது நல்லது.

மட்கவைப்பதன் அடிப்படைக் கணக்கு கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். நுண்ணுயிர்கள் 25 முதல் 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு நைட்ரஜன் கிடைத்தால் இரண்டையும் சிந்தாமல் தம் உடலாக்கிக்கொள்கின்றன. முட்டைக்கோழி எச்சத்தில் இந்த விகிதம் 10-ஐ ஒட்டியே இருப்பதால், நுண்ணுயிர்கள் கையாள முடியாத நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடுகிறது. தென்னை நார்க்கழிவில் விகிதம் நூறுக்கும் மேல். தனியே கிடந்தால் அது ஆண்டுக்கணக்கில் மட்காது. ஒன்றின் குறை மற்றொன்றின் மிகை என்ற இந்தப் பொருத்தத்தைக் கொண்டு, இரண்டையும் கலந்து, சிப்பிக்காளான் வித்தையும் சேர்த்து, ஈரம் காத்து, இடையிடையே புரட்டிப்போட்டு, ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் எருவாக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கறிக்கோழிக் கொட்டகையில் தரைக்கூளமாக நார்க்கழிவோ உமியோ கடலைத்தோலோ பரப்பியிருந்தால் இக்கலவையின் பாதி வேலை அங்கேயே நடந்திருக்கும். குவியல் நன்றாக அமைந்தால் அதன் உள்வெப்பம் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகளும் ஈயின் புழுக்களும் அதில் மடிகின்றன. கோழிப்பண்ணை உள்ள ஊர்களில் ஈத்தொல்லையைப் பற்றி எழும் புகார்களுக்கு ஈரமாகக் குவித்துப் புரட்டாமல் விடும் எருவே பெரும்பாலும் காரணம் என்பதால், மட்கவைப்பதைப் பண்ணையின் பொறுப்பாகவும் கருத வேண்டும். மட்கும்போது வெப்பமெல்லாம் வீணாகிறதே என்று வருந்துவார் யாருமில்லை. ஆனால் தழைச்சத்திலும் ஒரு பங்கு இழக்கத்தான் வேண்டியிருக்கிறது என்பதை மறைக்கவும் கூடாது.

தீவனத்தில் கலப்பவை எருவிலும் தொடரும். செம்பும் துத்தநாகமும் அளவாக இருந்தால் துத்தநாகப் பற்றாக்குறையுள்ள தமிழக நெல் மண்ணுக்கு நன்மையே. மணிச்சத்து அளவுமீறித் தேங்கினாலோ, பயிர் துத்தநாகத்தை எடுத்துக்கொள்வதே தடைப்படும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் எச்சம் இதைவிடக் கடுமையான கேள்வி. மனிதர்க்குக் கடைசிப் புகலான கோலிஸ்டின் மருந்தைக் கால்நடைக்கும் கோழிக்கும் பயன்படுத்த இந்திய அரசு 2019-இல் தடை விதித்தது. அமெரிக்காவில் ஆர்சனிக் கலந்த ராக்சர்சோன் என்ற தீவனச் சேர்ப்பு பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்து, 2011-இல்தான் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. நீர் நிற்கும் மண்ணிலிருந்து ஆர்சனிக்கை மற்றத் தானியங்களைவிட நெல் எளிதில் உறிஞ்சும் என்பதால், நெல் விளையும் நாடுகள் இதை மறந்துவிடுவதற்கில்லை.

வயலுக்கு வெளியே நடப்பதும் மணிச்சத்தின் கணக்குத்தான். விழுப்புரம் மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் ஒருசில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பெய்தது. அப்படிப்பட்ட நாளில் சாலையோரத்திலும் வரப்போரத்திலும் குவித்துவைத்த எரு எங்கே போகும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழியும் சங்கிலியமைப்பு இவ்வட்டாரத்தின் சிறப்பு. திண்டிவனம், வானூர் பகுதி ஏரிகளின் வடிநீரில் பெரும்பகுதி மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஈரநிலத்தில் சேர்கிறது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பு நீரில் பாஸ்பரஸ் ஏறினால் பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகி, அவை மடிந்து அழுகும்போது நீரின் ஆக்சிஜன் தீர்ந்து மீனும் சிற்றுயிர்களும் மாளும். அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவை ஒட்டிய கோழி வளர்ப்புப் பகுதி இதைக் கண்கூடாகக் கண்டது. 1997-இல் போக்கோமோக் ஆற்றில் மீன்கள் கூட்டமாக மடிந்ததைத் தொடர்ந்து, மேரிலாந்து மாநிலம் 1998-இல் உழவர்கள் ஊட்டச்சத்துத் திட்டத்தின்படியே எருவிட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. 2015-இல் மணிச்சத்து மிகுந்துவிட்ட நிலங்களில் கோழி எருவையே கட்டுப்படுத்தும் விதிகளை வகுத்தது. அங்கே மண்ணில் தேங்கிவிட்டதைக் குறைக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். விழுப்புரம் இன்னும் அந்த நிலையை எட்டவில்லை என்பதால் இங்கே அந்தத் தேக்கத்தைச் செலவில்லாமல் தவிர்க்க முடிகிறது.

நடைமுறையில் எருவை எடைபோட்டு இடுவதற்குக் குறுக்கே நிற்பது அதை லோடு கணக்கில் விற்பது. ஒரே டிப்பரில் 60 சதவீதம் ஈரமுள்ள முட்டைக்கோழி எச்சமும் ஏறும், 25 சதவீதம் ஈரமுள்ள கறிக்கோழிக் கூளமும் ஏறும். இரண்டின் ஒரு டன்னில் முன்னதில் 400 கிலோவும் பின்னதில் 750 கிலோவும்தான் உலர்பொருள். வாங்குமுன் குவியலின் மேலும் நடுவிலும் அடியிலுமாக எடுத்துக் கலந்த ஒரு கிலோவைத் தார்ப்பாயில் மெல்லிதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில், எடை மேற்கொண்டு குறையாத வரை காயவைத்து மீண்டும் நிறுத்தால் இந்த வேறுபாடு கையில் தெரிந்துவிடும். முன்னே சொன்ன 800 கிலோவை அதற்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். மண் எவ்வளவு வைத்திருக்கிறது என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். அதற்கான வழிகாட்டுதல் திண்டிவனத்தில் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலேயே கிடைக்கும். பரிசோதனை அட்டையில், தனிமக் கணக்கில், எக்டேருக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ் 11 கிலோவுக்குக் கீழ் இருந்தால் குறைவு, 22 கிலோவுக்கு மேல் போனால் மிகுதி. அட்டை மிகுதி என்று காட்டும் ஆண்டில் அந்த நிலத்துக்குக் கோழி எருவும் வேண்டாம், டி.ஏ.பி.யும் வேண்டாம், பசுந்தாளும், இலை வண்ண அட்டை சொல்லும் அளவு யூரியாவும் போதும், வாங்கிய லோடு குறைவு என்று காட்டிய பக்கத்துக் காணிக்குப் போகலாம்.